கண்ணை இமைக்கச் சொன்ன பேங்க்

எங்க பேங்க் கிளையை மூடின அன்னிக்கு கதவுல ஒரு பேப்பர் ஒட்டியிருந்தாங்க. "இனி உங்கள் கிளை உங்கள் கையில்"னு. நானும் கையை ஒரு தடவை திருப்பித் திருப்பிப் பாத்தேன். போட்டோ வெட்டி வெட்டி வந்த கத்திரிக்கோல் காய்ப்பைத் தவிர அதுல ஒண்ணும் இல்ல. எனக்குக் கோபம் மூக்கு மேல வரும்னு எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேப்பர்ல பாதியைக் கிழிச்சுட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

இது நடந்து ரெண்டு வருஷம் இருக்கும். அப்ப எங்க வீட்டுக்காரர் நல்லா நடமாடிக்கிட்டு இருந்தார். "நீ ஏன் கத்துற, நான் பாத்துக்கறேன்"னு சொல்லி, பேங்க் ஆப்பைப் போன்ல இறக்கி, ஒரு வாரம் உக்காந்து கத்துக்கிட்டார். கரண்ட் பில்லு, தண்ணி பில்லு எல்லாம் சோபாவுல சாஞ்சபடியே கட்டிட்டு, என்னைப் பாத்து ஒரு சிரிப்பு வேற. நான் எட்டிப் பாக்கக்கூட இல்ல. அதான் நீங்க இருக்கீங்களே, எனக்கு எதுக்குன்னு இருந்துட்டேன். அஞ்சு மாசத்துக்கு முன்னாடி ஒரு காலையில, டீ டம்ளரை எடுக்கப்போன அவர் வலது கை பாதி வழியிலேயே நின்னுடுச்சு. பக்கவாதம். அப்புறம் வலது பக்கம் அசையல, பேச்சும் வரல.

நாங்க முப்பத்தெட்டு வருஷம் போட்டோ ஸ்டுடியோ நடத்தினவங்க. வீட்டோட முன் ரூம்தான் ஸ்டுடியோ. அவர் எடுப்பார், நான் டச்சிங் பண்ணுவேன். பாஸ்போர்ட்டுக்கு, சர்ட்டிபிகேட்டுக்கு, வேலைக்கு மனு போடன்னு வர்றவங்கதான் எங்க பொழப்பு. மருவை எடுக்கச் சொன்னா எடுப்பேன். வழுக்கையில முடி வைக்கச் சொன்னா மட்டும், சாமி, அதுக்கு வேற ஆளைப் பாருங்கன்னு சொல்லிடுவேன். இப்ப அந்த ரூம் ஒரு தையல்காரம்மாகிட்ட வாடகைக்கு இருக்கு. வாடகையும் சேமிப்பும் எங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கிற ஒரே கணக்குல விழுந்துக்கிட்டு இருக்கு.

அவர் ஜன்னல் பக்கத்து நாற்காலியில உக்காந்திருப்பார். காலையில வெயில் அவர் மடியில இருக்கும், மத்தியானம் தரைக்கு இறங்கிடும், சாயங்காலம் எதிர்ச் சுவத்துல ஏறும். அவர் அதையே பாத்துக்கிட்டு இருப்பார். முன் ரூம்ல தையல் மெஷின் ஓடுற சத்தம் சுவத்து வழியா மெதுவா வரும். நான் வாய் ஓயாம பேசிக்கிட்டே இருப்பேன். தக்காளி விலையைச் சொல்லுவேன், பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்லுவேன், என் முட்டிவலியைச் சொல்லுவேன். காதுல விழுதா, விழுந்தா புரியுதா, ஒண்ணும் தெரியாது. டாக்டரைக் கேட்டா, "சொல்ல முடியாதும்மா"ன்னு உதட்டைப் பிதுக்குவார். சில மத்தியானம் எனக்கே சந்தேகம் வந்துடும், இந்த வீட்டுல நான் ரெண்டு பேருக்குச் சமைக்கிறேனா, ஒருத்தருக்கா, இல்ல தூக்கத்துல நடக்கிறேனான்னு.

அப்படி ஒரு மத்தியானம்தான் போன் 'டிங்'னுச்சு. பேங்க்ல இருந்து. கணக்கு வெச்சிருக்கிறவங்க எல்லாரும் ஆப்ல தங்கள் முகத்தைக் காட்டி உறுதி செய்யணும், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள செய்யலைன்னா கணக்கு நிறுத்தப்படும்னு. கூட்டுக் கணக்குன்னா முதல் பேர்க்காரர் முதல்ல, ரெண்டாவது பேர்க்காரர் அப்புறம். முதல் பேர் அவர் பேர்.

பையனுக்குப் போன் போட்டேன். வேற ஊர்ல இருக்கான், ரயில்ல ஆறு மணி நேரம். அவன் பேங்க்குக்குப் பேசிட்டுத் திரும்பக் கூப்பிட்டான்.

"அம்மா, அதுக்கு ஒரு ஃபாரம் இருக்காம். டாக்டர் ஒரு கையெழுத்து, நீ ஒரு கையெழுத்து. அப்பா பேரை எடுத்துட்டு என் பேரைச் சேத்துடலாம். அப்படியே நீங்க ரெண்டு பேரும் என்கூட வந்துடுங்க. எத்தனை நாளைக்கு நீ ஒத்தையில அல்லாடுவ?"

பையன் கெட்டவன் இல்ல. அவன் குரல்ல தூக்கமே இல்லாத மாதிரி இருந்துச்சு. அந்த ஃபாரத்தைப் போன்லயே அனுப்பினான். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சேன். "மேற்படி கணக்குதாரர் தம் காரியங்களை அறிந்து நடத்தும் நிலையில் இல்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்." நாலு தடவை படிச்சேன். பணம் போகட்டும், வீட்டைக்கூடப் பூட்டிட்டுப் போயிடலாம். அந்த நாற்காலியில உக்காந்திருக்கிற மனுஷன் அங்க இல்லைன்னு என் கையால எப்படி எழுதிக் குடுக்கிறது?

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல, நானே பாத்துக்கறேன்"னு சொல்லிட்டு போனை வெச்சேன். வெச்ச அப்புறம்தான் திருதிருன்னு முழிச்சேன். எனக்கு அந்த ஆப்பைத் திறக்கக்கூடத் தெரியாது.

பக்கத்து வீட்டுல ஒரு டிரைவர் இருக்கார். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், எங்க வீட்டுக்காரருக்கு சீட்டாட்டக் கூட்டாளி. அவரும் இந்தக் கூத்துல மாட்டிக்கிட்டவர்தான். பாஸ்வேர்டை மறக்கக்கூடாதுன்னு சுவத்துக் காலண்டர்ல எழுதி வெச்சிருக்கார். மாசம் முடிஞ்சதும் அவர் வீட்டம்மா தாளைக் கிழிச்சு அலமாரித் தட்டுல விரிச்சு, மேல பருப்பு டப்பாவை அடுக்கிட்டாங்க. பத்து நாள் பணம் எடுக்க முடியாம வீட்டையே தலைகீழா புரட்டினாராம்.

"பயப்படாதீங்கம்மா, இது பஸ்ஸை விட ஈசி"ன்னார். "பஸ்ல பின்னாடி பாக்கணும், சைடுல பாக்கணும். இதுல முன்னாடி மட்டும் பாத்தா போதும்."

"நீங்க முன்னாடி பாத்த லட்சணத்துலதான் காலண்டரைப் பறிகொடுத்தீங்களா?"ன்னேன்.

ஆனா சொல்லிக் குடுத்தார். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் சாப்பாட்டு மேஜையில உக்காந்து கத்துக்கிட்டேன். என் விரல் காஞ்சு போனதால திரை என்னை மதிக்கவே இல்ல. ஈரத்துணியில தொட்டுத் தொட்டு அமுக்கினேன். பாஸ்வேர்டுல ஒரு பெரிய எழுத்து வேணுமாம், ஒரு நம்பர் வேணுமாம், ஒரு குறி வேணுமாம். வந்த ரகசிய எண்ணை நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்கிறதுக்குள்ள அதுக்கு ஆயுசு முடிஞ்சிடும். மூணாவது தடவை கண்ணாடியைத் தயாரா போட்டுக்கிட்டு, சண்டைக்குப் போற மாதிரி உக்காந்தேன். திறந்துடுச்சு. எங்க ரெண்டு பேர் பேரும் ஒண்ணு மேல ஒண்ணா திரையில வந்து நின்னுச்சு. ரேஷன் கார்டுக்கு அப்புறம் எங்க பேர் ரெண்டையும் சேத்து அங்கதான் பாக்கறேன். கொஞ்ச நேரம் சும்மா பாத்துக்கிட்டே இருந்தேன்.

திங்கக்கிழமை காலையில அவருக்கு முகம் துடைச்சு, தலை சீவி, போனை அவர் முன்னாடி தூக்கிப் பிடிச்சேன். திரையில ஒரு வட்டம். அதுக்குள்ள அவர் முகம், கிணத்துத் தண்ணியில தெரியற மாதிரி லேசா ஆடுச்சு. ஆப்புக்குள்ள இருந்து ஒரு பொண்ணு குரல், ரொம்ப பதமா, "வட்டத்திற்குள் பார்க்கவும். கண்களை மெதுவாக இமைக்கவும்"னுச்சு. அவர் பாத்தார். பாத்துக்கிட்டே இருந்தார். வட்டத்தைச் சுத்தி ஒரு நீலக் கோடு ஊர்ந்து ஊர்ந்து முழுசா ஒரு சுத்து வந்துச்சு. அப்புறம் சிவப்பாயிடுச்சு.

"உயிருள்ள முகம் என உறுதி செய்ய இயலவில்லை. மீண்டும் முயலவும்."

"என்னடி சொல்ற நீ?"ன்னு அந்தப் பொண்ணைக் கேட்டேன். உயிருள்ள முகம் இல்லையாம். காலையில ரெண்டு இட்லி சாப்பிட்ட முகம் அது. ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு மூணு தடவைதான் விடுவாங்க. மூணுலயும் அதே பதில். "கண்ணைச் சிமிட்டுங்க, ஒரே ஒரு தடவை"ன்னு கெஞ்சினேன், அதட்டினேன். அவர் அசையல. அன்னிக்குப் பூரா நான் யார்கிட்டயும் பேசல, அவர்கிட்டகூட.

செவ்வாய்க்கிழமையும் மூணு தடவை போச்சு. மத்தியானம் அவர் காலடியில பாயை விரிச்சுப் படுத்தேன். தையல் மெஷின் ஓடுது, நிக்குது, ஓடுது. எப்ப தூங்கினேன்னு தெரியல. கனவுல எங்க பழைய பேங்க் திறந்திருந்துச்சு. பெரிய வரிசை. நின்னவங்க எல்லாம் எனக்குத் தெரிஞ்சவங்க, ஸ்டுடியோவுக்கு வந்தவங்க. அந்தக் காலத்துல ஃபிலிம்ல கண்ணு மூடி விழுந்துட்டா, திரும்ப வரச்சொல்ல முடியாதவங்களுக்கு நான் பிரஷ்ஷால கண்ணு வரைஞ்சு குடுத்திருக்கேன். அப்படி நான் வரைஞ்ச கண்ணுக்காரங்கதான் வரிசையில அத்தனை பேரும். கவுன்ட்டர்ல இருந்தவர் ஒவ்வொருத்தரையா பாத்துட்டு, "இது சொந்தக் கண்ணா, வரைஞ்சதா?"ன்னு கேக்கறார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்கறாங்க. வரிசையில கடைசியா எங்க வீட்டுக்காரர். நான் ஓடிப்போய், "ஐயா, இவர் கண்ணை நான் தொட்டதே இல்ல, இது சொந்தம்"னு சொல்றேன். குரலே வரல. முழிச்சுப் பாத்தா வெயில் சுவத்துல ஏறியிருந்துச்சு. அவர் நாற்காலியில இருந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தார். அவர் இமை மூடித் திறந்துச்சு.

நான் அப்படியே படுத்தபடி அவரைப் பாத்தேன். மறுபடியும் இமைச்சார். கொஞ்ச நேரத்துல இன்னொரு தடவை. எல்லாரும் இமைக்கிற மாதிரிதான், சாதாரணமா. அப்ப காலையில ஏன் இமைக்கல? அந்த நீலக் கோடு சுத்தி வர்ற நேரத்துக்கு என்னாலயே கண்ணைத் திறந்து வெச்சிருக்க முடியாதே.

புதன்கிழமை காலையில போனைத் தொடல. பக்கத்து வீட்டு டிரைவர் வந்து உக்காந்திருந்தார். நான் முதல்ல டிவி ரிமோட்டை எடுத்து எங்க வீட்டுக்காரர் முகத்துக்கு நேரா நீட்டினேன். இமைச்சார். சீப்பை நீட்டினேன். இமைச்சார். டிரைவர் என்னை ஒரு மாதிரி பாத்தார், அம்மாவுக்கும் கழண்டுடுச்சுன்னு நெனைச்சிருப்பார். அப்புறம் போனைத் திருப்பி, கேமரா கண்ணு அவரைப் பாக்கற மாதிரி பிடிச்சேன்.

கீழ இருந்த தலை நிமிர்ந்துச்சு. லேசா தொறந்திருந்த வாய் மூடிச்சு. இடது தோள் ஒரு விரக்கடை இறங்கி வலது தோளோட நேரா நின்னுச்சு. கண்ணு ரெண்டும் விரிஞ்சு, அசையாம நின்னுச்சு.

போஸ் குடுக்கறார்.

முப்பத்தெட்டு வருஷம், வர்றவங்க போறவங்க எல்லாரையும் ஸ்டூல்ல உக்கார வெச்சு, வாயை மூடுங்க, நேராப் பாருங்க, இமைக்காதீங்கன்னு சொன்ன மனுஷன். பாஸ்போர்ட் படத்துக்குக் கண்ணு மூடினா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு அவருக்குத் தெரியும். கேமராவுக்கு முன்னாடி எவளோ ஒருத்தி இமைங்கன்னு சொன்னா கேட்டுடுவாரா? அவருக்கு எல்லாம் தெரியுது. இது கேமரான்னு தெரியுது, எப்படி உக்காரணும்னு தெரியுது. அந்தப் பொண்ணு தப்பா சொல்றான்னுகூடத் தெரியுது. நான் தரையில உக்காந்து, சிரிக்கிறேனா அழறேனான்னு தெரியாம உக்காந்திருந்தேன். அஞ்சு மாசமா நான் பேசினது சுவத்துகிட்ட இல்ல. டிரைவர் எழுந்துபோய் எனக்குத் தண்ணி கொண்டு வந்தார்.

அன்னிக்கும் மூணு தடவை தோத்தோம். எனக்குக் கவலையே இல்ல. பையனுக்குப் போன் போட்டு, மூச்சு வாங்க வாங்க எல்லாத்தையும் சொன்னேன்.

"அம்மா, பழக்கதோஷத்துல உடம்பு தானா செய்யும்மா. அதுக்காக அவருக்குப் புரியுதுன்னு ஆயிடாது. நீ அப்படி நெனைச்சுக்கணும்னு ஆசைப்படுற."

எனக்கு வந்த கோபத்துல போனைத் தூக்கி அடிச்சிருப்பேன். கிளையே என் கையில இருக்கேன்னுதான் விட்டேன்.

"நாளைக்கு நானே வர்றேன், வந்து பாத்துக்கலாம்"னு மெதுவா சொன்னான். ஃபாரத்தோட வர்றான்னு எனக்குத் தெரியும். அவன் சொன்னது எனக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஒருவேளை அவன் சொல்றதுதான் சரியோ, தோளும் வாயும் தானா செஞ்ச வேலைதானோன்னு.

வியாழக்கிழமை காலையில வந்தான். பையைக் கீழ வெச்சுட்டு அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அப்புறம் மேஜை மேல அந்தத் தாளை விரிச்சு, பக்கத்துல பேனாவை வெச்சான். டாக்டர் கையெழுத்து ஏற்கெனவே இருந்துச்சு, வர்ற வழியிலேயே வாங்கிட்டு வந்திருக்கான். எனக்கு விட்டிருந்த கோடு வெள்ளையா கெடந்துச்சு.

"முதல்ல இதைப் பாரு. அப்புறம் அது"ன்னு போனை அவன் கையில குடுத்தேன்.

முதல் தடவை, சிவப்பு. ரெண்டாவது, சிவப்பு. அவன் போனுக்கு மேல அப்பா முகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தான். அவனையும் அதே ஸ்டூல்ல உக்கார வெச்சுப் படம் எடுத்தவர்தானே.

"கடைசி தடவைம்மா"ன்னான்.

வட்டம் வந்துச்சு. முகம் வந்துச்சு. "கண்களை மெதுவாக இமைக்கவும்." அவர் நிமிர்ந்து உக்காந்துட்டார். நீலக் கோடு ஊர ஆரம்பிச்சுது. கால் வட்டம். அரை வட்டம். அவர் கண்ணுல தண்ணி கட்டிச்சு, ஆனா மூடல. எவ்வளவு நேரம் இப்படி வெச்சிருப்பார், யாருக்காக வெச்சிருக்கார்? ஸ்டுடியோவுல அந்த மாதிரி விறைச்சு உக்காந்திருந்த எத்தனை பேரை நான் பின்னாடி நின்னு பாத்திருக்கேன். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க, பாவம், இவர் ஒரு வார்த்தை சொல்ற வரைக்கும். அதைச் சொன்னதும்தான் தோள் இறங்கும், கண்ணு இமைக்கும், மனுஷங்களா ஆவாங்க. அவருக்கு இப்ப அதைச் சொல்ல யார் இருக்கா?

"எடுத்தாச்சு"ன்னேன். அவர் சொல்ற மாதிரியே, கடைசியில கொஞ்சம் இழுத்து.

அவர் தோள் இறங்கிச்சு. மூச்சை விட்டார். கண்ணை மூடி, மெதுவா, திறந்தார்.

திரை பச்சையாயிடுச்சு. "முகம் உறுதி செய்யப்பட்டது. நன்றி"ன்னு அந்தப் பொண்ணு சொன்னா. பையன் போனைப் பிடிச்சபடியே தரையில உக்காந்துட்டான். அப்பா முட்டியில தலையை வெச்சுக்கிட்டு, "அப்பா, கேக்குதாப்பா?"ன்னான். அஞ்சு மாசத்துல அவன் அவரை நேராக் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதுவரைக்கும் எல்லாத்தையும் என்னைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தான்.

நான் அந்தத் தாளை எடுத்து நாலா மடிச்சு, ஆடிக்கிட்டு இருந்த மேஜைக் காலுக்கு அடியில வெச்சேன். பையன் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில சொருகிக்கிட்டான்.

"இப்ப ரெண்டாவது கணக்குதாரர்"னுச்சு போன்.

நான் ஒரு நாற்காலியை அவர் பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்தேன். எனக்கு என்ன பிரமாதம், நான் நல்லா இமைப்பேன். பையன் போனைத் தூக்கிப் பிடிச்சான். வட்டத்துக்குள்ள என் முகம் இருட்டா இருந்துச்சு, மூக்குக்குக் கீழ ஒரே நிழல். அப்ப பக்கத்துல ஏதோ அசைஞ்சுது. அவரோட இடது கை. நாற்காலி கைப்பிடியில இருந்து எழும்பி, நடுங்கிக்கிட்டே வந்து, ரெண்டு விரலால என் தாடையைத் தொட்டுச்சு. தொட்டு, ஜன்னல் வெளிச்சம் இருக்கிற பக்கமா என் முகத்தைக் கொஞ்சம் திருப்பிச்சு. இன்னும் கொஞ்சம். அப்புறம் நின்னுச்சு.

நான் பொலபொலன்னு அழுதுட்டேன். அடக்கணும்னு பாத்தேன், முடியல. பையனும் போனை ஆட்டிட்டான். மூணு தடவையும் அழுதேன், மூணு தடவையும் சிவப்பு.

"முகம் தெளிவாக இல்லை. நாளை மீண்டும் முயலவும்"னு அந்தப் பொண்ணு ரொம்ப பதமா சொன்னா. அவர் உயிரோட இருக்கார்னு பேங்க் ஒத்துக்கிச்சு. என்னைத்தான் நாளைக்கு வரச் சொல்லிடுச்சு.